காப்புறுதியும் கடமையும்

தனக்கு வரும் தீங்கைத் தானே தாங்கிக்கொள்ளத் துணிபவனை வீரன் என்கிறோம். தன்னால் பிறர்க்கு வரும் தீங்கையும் அவரே தாங்கிக்கொள்ளட்டும் என்பவனை என்னென்று அழைப்பது? குறைந்த வருவாயில் வாழும் ஒருவன் தன் காருக்குக் காப்புறுதி எடுப்பதா, விடுவதா என்னும் எளிய கேள்விக்குள் இவ்வறக்கேள்வி மறைந்து கிடக்கிறது.

கெடாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பால்வெட்டும் நிரையும் பள்ளியும் கோயிலும் கடையும் நடைதூரத்தில் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பலரின் பிழைப்பு சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடம்பெயர்ந்தது. தொழிற்சாலைக்குச் செல்வோர்க்குப் பழைய கார் ஆடம்பரமன்று, அதுவே கால். சாலை வரி புதுப்பிக்கும் நாளில் காப்புறுதிக் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். அம்மாதமே பிள்ளையின் பள்ளிச்செலவும் சேர்ந்தால், 'இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனம் தேற்றிக்கொள்கிறது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நம் காரைக் காக்குமாறு நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அக்காரால் உயிரிழக்கவோ காயமுறவோ கூடிய மூன்றாமவர்க்கே பொறுப்பேற்கச் சொல்கிறது. ஆகவே, நாம் கட்டும் அப்பணம் நமக்கிடும் வேலியன்று. முகமறியாத ஒருவர்க்கு எழுதித்தரும் உறுதிமொழி. அவர் நம்மைப் போன்ற ஏழையாகவே இருக்கலாம். விடியற்காலையில் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஓர் ஏழையின் சேமிப்புக்கு மற்றோர் ஏழையின் கால் விலையாகலாமா?

"இல்லாதவன் என்ன செய்வான்?" என்பர். நியாயமான கேள்வியே. வறுமைக்கு அறம் போதித்தல் எளிது, வழிகாட்டுதலே கடன். விலை தேய்ந்த காருக்கு முழுக் காப்புறுதி தேவையா என்று ஆராயலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் கட்டணம் குறைவு. நம் காரின் சேதத்தை நாமே ஏற்க வேண்டுமெனினும், பிறர்க்குரிய கடமை நிறைவேறும். இழப்பீடு கோராது ஓட்டிவரும் கார்க்காரர்க்கு ஓராண்டில் 25 விழுக்காடு தொடங்கி, ஐந்தாண்டில் 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. சிறு கீறலுக்காக அதனை இழத்தல் சிக்கனமாகாது. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். மூன்று இடங்களிலேனும் விசாரித்தல் நன்று. காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதோ வழியன்று. இழப்பு நேரும் நாளில் அக்குறை நம் கைக்கு வரும் தொகையிலேயே தெரியும்.

ஆயினும், பாரம் முழுவதையும் ஏழையின் தலையிலேயே ஏற்றுவதும் அறமாகாது. துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறு தொகைகளைத் திரட்டி முதன்முதலில் வாங்கியது இக்கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தையே. தனியொருவர்க்கு எட்டாதது, பலர் கூடியபோது எட்டியது. காப்புறுதியின் வேரும் அதுவன்றோ? பலரது சிறுபங்கு ஒருவரது பெருந்துயரைச் சுமக்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது இவ்வுணர்வை நாம் மறவாமைக்கே எனலாம். தோட்டமக்கள் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்துவைக்கும் ஏற்பாட்டைக் கோயில் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ நடத்தினால், புதுப்பிக்கும் நாள் அச்சம் தரும் நாளாக இராது.

விழுக்காட்டுக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கழிவுக் கணக்கையும் ஒருநாள் கரும்பலகையில் எழுதட்டும். அதனை வீட்டிற்கு எடுத்துச்செல்லும் மாணவன், தந்தைக்கு மிச்சமாகும் பணத்தை மட்டுமன்று, சாலையில் எதிர்ப்படும் அயலாரும் நம்மவரே என்னும் பாடத்தையும் எடுத்துச்செல்வான்.