தொடங்காத் தொழிலின் இழப்பு

கைக்கு வராத பொருளை இழந்தோமென வருந்துதல் முறையாமோ எனின், வருத்தம் எழுதல் இயல்பே. அஃது யாதுபற்றியது என ஆராய்தல் வேண்டும்.

திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாக்கரையிலுள்ள சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் அமைக்க, இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2011 ஆம் ஆண்டு உடன்பட்டன. நிலையம் எழுமுன்னரே 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. புகையும் சாம்பலும் நேராவென மகிழ்ந்தோர் பலர். ஆங்கு ஒப்பந்தவேலை கிட்டுமென நம்பிய தொழிலாளி ஒருவனும் இருந்தானெனக் கொள்வோம். அவன் இழந்தது யாது? கூலியன்று, அஃது அவனுடையதாகவில்லை. கைத்திறனன்று, அஃது அவனைவிட்டு நீங்கவில்லை. மனத்தில் அவன் கட்டிய வீடே இடிந்தது. அத்துயர் நாளடைவில் ஆறும். ஆனால் வராத கூலியை நம்பி வாங்கிய கடனும், வேறுவேலை தேடாது கழித்த நாளும் ஆறா, அவையே உண்மையிழப்பாம்.

அன்றியும், அத்திட்டம் நின்றது ஆட்சியாளர் தீர்மானத்தால்; அவன்றன் குறைபாட்டாலன்று. ஆகலின், ‘யான் தகுதியற்றேன்’ எனத் தன்னை இகழ்தல் பொய்க்கணக்காம்.

ஆசிரியர்காள்! வந்த பொருளை வேறாகவும், வருமென்ற பொருளை வேறாகவும் எழுத மாணாக்கரைப் பழக்குமின். ஏமாற்றமுற்றவிடத்து அவர் அழுதலைத் தடுக்கவேண்டா. மறுநாட் காலையில் வேறுவாயில் நாடுதலே கடனெனக் காட்டுமின்.