பழகிவிடும் என்பது ஆறுதலாகுமா?

இரும்பையிலிருந்து வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரை நீளும் நம் பகுதியில், அமைதி இன்னும் விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிடவில்லை. தெற்கே, புதுச்சேரி லாசுப்பேட்டை நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது சிறு விமானங்களின் சேவை மட்டுமே. வானில் இரைச்சல் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஆயினும் அந்த ஓடுபாதையைத் தமிழக எல்லைக்குள்ளும் நீட்ட வேண்டும் என்னும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதனால் விளையும் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. அந்தப் பேச்சில் குழந்தையின் செவிக்கும் இடம் உண்டா என்றே கேட்க விரும்புகிறோம்.

விமான ஓசையால் குழந்தைகள் செவிடாகிவிடுவார்கள் என்று அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அத்தகைய அழிவுக்கு மிகுந்த ஓசை, நீண்ட நேரம் வேண்டும். விமான நிலையத்தை அடுத்த வகுப்பறையில் நேர்வது வேறு. அங்கே செவி கெடுவதில்லை, செவிமடுத்தல் கெடுகிறது. ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் இரைச்சலில் மறைந்தால், பெரியவர்கள் முன்பின் சொற்களைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்வோம். மொழியையே இப்போதுதான் கற்றுவரும் குழந்தைக்கு அந்தக் கைம்முதல் இல்லை. அதற்கு அச்சொல் இழந்த சொல்லே.

செருமனியின் மியூனிக் நகரில் 1992 மே மாதம் பழைய விமான நிலையம் மூடப்பட்டு, வேறோர் இடத்தில் புதியது திறக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் வாழ்ந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் மாற்றத்திற்கு முன்பும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரையிலும் சோதித்தார்கள். புதிய நிலையத்தருகே வாழ்ந்தவர்களின் வாசிப்பும் நெடுநாள் நினைவாற்றலும் தளர்ந்தன. பேச்சொலியைப் பிரித்தறியும் திறனும் குன்றியது. பழைய இடத்திலோ, ஓசை நின்றபின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. 2002-இல் வெளியான இந்த முடிவில் நமக்கு ஆறுதலும் உண்டு, கண்டனமும் உண்டு. சீராக்கக்கூடிய ஒன்றைச் சீராக்காமல் விடுவதற்கு நாம் என்ன காரணம் சொல்வோம்?

‘குழந்தைகள்தானே, பழகிவிடும்’ என்பார்கள். இந்த விடைதான் நம்மை மிகவும் தொல்லைப்படுத்துகிறது. இரைச்சலுக்குப் பழகுவது என்றால் என்ன? வருகின்ற ஒலியையெல்லாம் கவனியாது விடக் கற்றுக்கொள்வதுதானே! அப்படிக் கற்ற குழந்தை விமானத்தை மட்டும் தள்ளிவிட்டு, ஆசிரியர் குரலை மட்டும் ஏற்குமா? லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த பள்ளிகளில் நடந்து 1980-இல் வெளியான ஆய்வில், இரைச்சல் மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகள், கையில் தந்த புதிரை முடிக்குமுன்பே முயற்சியைக் கைவிடும் போக்கு மற்றவர்களினும் மிகுந்திருந்தது. அவர்கள் பழகியிருந்தார்கள். எதற்குப் பழகினார்கள் என்பதுதான் கேள்வி. (திருவிழா நாள்களில் நம் ஒலிபெருக்கிகளுக்கும் இதே சமாதானம் சொல்லப்படுவதை வாசகர் அறிவர்.)

நம் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளியையும் மருத்துவமனையையும் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கிப் பகல் அளவை 50 டெசிபலாக வரையறுத்தன. 2018-இல் விமான நிலையங்களுக்குத் தனி அளவு வந்தது. ஆண்டுக்கு 50,000-க்கும் மேல் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களைச் சூழ்ந்த பகுதிக்குப் பகலில் 70 டெசிபல். இருபதுதானே கூடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கணக்கில் இருபது என்பது ஒலியாற்றலில் நூறு மடங்கு. அதுவும் சராசரி அளவே. தலைக்குமேல் ஒன்று கடக்கும் அந்தச் சில நொடிகளில் பாடம் முற்றிலும் நின்றுபோவதைச் சராசரி சொல்லாது. பரங்கிமலை மேல் நின்று மீனம்பாக்கத்து ஓடுபாதையைப் பார்த்தவர்களுக்கு, பம்மல், பொழிச்சலூர்ப் பிள்ளைகளின் வகுப்பறையை ஊகிப்பது கடினமன்று.

விமானத்தில் செல்பவர் அந்தக் குழந்தையைக் காண்பதில்லை. குழந்தையோ தான் கேளாமற்போன சொல்லைப் பற்றி முறையிட இயலாது. கேளாதது இன்னதென்று அதற்கு எப்படித் தெரியும்? நிலம் இழப்பவர் போராடலாம். 2022-இல் பரந்தூர்த் திட்டம் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரத்து மக்கள் போராடினார்கள். நிலத்துக்கு ஏக்கர்க் கணக்கு உண்டு, இழப்பீடு உண்டு. பாடவேளைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. செய்யவேண்டியது ஒன்றும் அரிதன்று. நியூயார்க்கில் உயர்த்திய இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், இரைச்சல் பக்கத்து வகுப்புகள் வாசிப்பில் பின்தங்குவதை 1975-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் தண்டவாளத்தின் கீழ் ரப்பர் வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் ஒலியடக்கும் பலகை பதித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்தது.