நினைவும் நீதியும்

கொழும்புக் கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயமும், ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும், சைவக் கோயில்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. ஆயினும், அவற்றில் வழிபடுவோர் போற்றிவந்த பழைய நினைவுகள் வெவ்வேறானவை.

1544இல் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி, மன்னாரிலே கிறித்தவம் தழுவியோரைக் கொல்வித்தான். கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகள் என்பர். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். திருக்கோணேச்சரமும் அவர்களாலேயே அழிந்தது. சைவர் அதனை மறந்திலர். 1658இன் பின் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். மாந்தையிலிருந்து மாதா சுருவத்துடன் மக்கள் காட்டுக்குள் ஒதுங்கிய கதையை மடுத் திருத்தல மரபு இன்றும் பேணுகின்றது.

இவ்வாறு, துன்புறுத்திய சமயம் துன்புற்ற சமயமாகவும் இருந்துள்ளது. எனினும், ஒவ்வொரு மரபும் தன் காயத்தையே விரித்துரைக்கின்றது; தன் பேரால் இழைக்கப்பட்டதற்கு அரசியற் காரணம் கற்பிக்கின்றது. மதம் மாறியோர் அந்நிய முடிக்குரியோராவர் என மன்னன் அஞ்சியிருக்கலாம். அது கொலையை விளக்குமேயன்றி நியாயப்படுத்தாது. கோயிலிடிப்புக்கும் இதுவே அளவுகோல்.

முன்னோர் செய்த பழி இன்றையோரைச் சாராது. அதனை மறையாது அறியும் பொறுப்போ சாரும். அயலாரின் இழப்பையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சமூகத்தின் நினைவே நீதியுடையதாகும்.