துறந்தவனின் சோறு

ஊரை விட்டு வெளியேறுகிறவன் அன்று ராத்திரி எங்கே சாப்பிடுகிறான்? ஹிப்பிகளைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கேள்வியை அநேகமாக யாரும் கேட்டதில்லை. அவர்களுடைய கேசம், போதை, இசை, பாலுறவு பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஆதரித்தவர்கள் ஆன்மீக விழிப்பு என்றார்கள். எதிர்த்தவர்கள் சீரழிவு என்றார்கள். இரு சாராரும் சோற்றை மறந்துவிட்டார்கள். ஓர் எதிர்கலாசாரத்தின் தார்மீக மதிப்பை அதன் சமையற்கட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

நமக்கு வந்து சேர்ந்தது என்னவோ முடிதான். எழுபதுகளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஹிப்பி என்பது ஒரு முடிவெட்டின் பெயர். காதை மூடும் முடியும் பெல்பாட்டமுமாக விடுமுறைக்கு வீடு வந்த மாணவனைத் தகப்பனார் ‘பண்டாரம் மாதிரி’ என்று ஏசுவார். அந்த வசவில் அவர் அறியாத ஒரு துல்லியம் இருந்தது. ஊரை நீங்கியவனுக்குப் பண்டாரம், பரதேசி, சித்தன் என்று நம்மிடம் ஏற்கெனவே பெயர்கள் உண்டு. அவனுக்குத் திண்ணையும் ஒரு கவளமும் ஒதுக்கி வைத்த சமூகம் இது. 1962இல் இந்தியா வந்த ஆலன் கின்ஸ்பெர்க் கல்கத்தாவிலும் காசியிலும் சாதுக்களைத் தேடி அலைந்தது இந்த மரபின் வாசனையை மோப்பம் பிடித்துத்தான்.

இங்கிருந்து போனதும் உண்டு. கோவைச் சீமை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்தார். தில்லைக் கூத்தனின் நடனத்தை ஆனந்த குமாரசுவாமி 1918இல் ‘சிவ நடனம்’ என்ற தம் நூலின் வழியே மேற்கே அறிமுகப்படுத்தினார். 1975இல் ஃப்ரிட்ஜாஃப் காப்ரா ‘இயற்பியலின் தாவோ’வில் அதை அணுத்துகள்களின் நடனமாகக் கண்டார். 2004இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் இந்திய அரசின் அன்பளிப்பாக நடராஜர் சிலை நின்றது. நாம் பெருமைப்பட்டோம். ஆனால் இந்தப் பயணம் முழுவதிலும் சிதம்பரம் ஒரு தரிசனமாக மட்டுமே இருக்கிறது. அங்கே யார் உள்ளே போக முடிந்தது, யார் வாசலில் நின்றார்கள் என்ற கேள்வி கலிபோர்னியாவை எட்டவேயில்லை.

வாசலில் நின்றவன் நந்தன். ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவாரானவன். தீயில் இறங்கித்தான் அவனால் கோயிலுக்குள் போக முடிந்தது. ஹிப்பியின் பிரச்னையும் நந்தனின் பிரச்னையும் நேர் எதிரானவை. ஒருவன் தனக்குத் தரப்பட்டதை வேண்டாம் என்கிறான். மற்றவனுக்கு எதுவும் தரப்படவில்லை. வெளியேறுவதற்கு முதலில் உள்ளே இருந்திருக்க வேண்டும். போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் செழிப்பில் வளர்ந்த பிள்ளைக்கு வறுமை ஒரு தேர்வு. சலித்தால் வீட்டுக்குத் தந்தி அடித்துப் பணம் வரவழைக்கலாம். தேர்ந்தெடுத்த வறுமையும் திணிக்கப்பட்ட வறுமையும் ஒரே தெருவில், ஒரே அழுக்குத் துணியில் எதிர்ப்படும்போது, முன்னது பின்னதைப் பார்த்துச் சகோதரா என்று அழைப்பதில் ஏதோ ஆபாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1968ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு பிப்ரவரி 28 அன்று, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். அதே டிசம்பர் 25 அன்று, கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஆரோவில்வாசிகள் எல்லாரும் ஹிப்பிகள் அல்லர். தரிசில் காடு வளர்த்த அவர்களது உழைப்பு கண்கூடு. ஆனாலும் சொத்துரிமையைத் துறக்க வந்தவர்களின் பல வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடிப் பெண்கள். துறவியின் எச்சில் தட்டைக் கூலிக்காரி கழுவுகிற இடத்தில் துறவு எதைத் துறந்திருக்கிறது?

இதைக் கேட்டவர்கள் ஹிப்பிகளிடையேயும் இருந்தார்கள். 1966இல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரியில் டிக்கர்கள் என்ற குழு வந்தவர்க்கெல்லாம் இலவசமாகச் சோறு போட்டது. காய்கறிச் சந்தையில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, பெரிய பால் கேன்களில் குழம்பாக்கி, பூங்காவில் பரிமாறினார்கள். வாங்கி வந்ததும் சமைத்ததும் பெரும்பாலும் பெண்கள்; பெயர் வாங்கியவர்கள் ஆண்கள். 1967 அக்டோபர் 6 அன்று, பத்திரிகைகளும் கடைகளும் விற்பனைப் பொருளாக்கிவிட்ட ‘ஹிப்பி’க்கு அந்தப் பேட்டைக்காரர்களே சவப்பெட்டி சுமந்து இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அடுத்த ஆண்டோடு டிக்கர்களும் கலைந்துபோனார்கள்.

அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1867 மே 23 அன்று, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ளே தள்ளிய வடலூரில் இராமலிங்கர் ஓர் அடுப்பை மூட்டினார். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தவர். தில்லைக் கூத்தனை உருகிப் பாடியவர். பிறகு சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் மறுத்தார். காவி உடுத்தாமல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டார். வெளியேறியவர்தான். ஆனால் வெளியேறியதும் அவர் முதலில் கட்டியது தருமசாலை. ஜோதிக்கான ஞானசபை அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1872இல்தான் வந்தது. பசியாறுவதை முன்னும் தரிசனத்தைப் பின்னும் வைத்த இந்த வரிசையில் அவருடைய தத்துவம் முழுவதும் இருக்கிறது என்பேன். யார் என்று கேளாமல் அங்கே சோறு போடுகிறார்கள். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.

இதை வைத்து நாம் மார் தட்டிக்கொள்வதற்கும் இல்லை. வடலூரும் ஸ்தாபனமாகிவிட்டது, அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. 2024இல் பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டப்பட்டபோது, அந்த நிலத்தை அவருக்கு வழங்கிய பார்வதிபுரத்தின் இன்றைய மக்களே எதிர்த்து நின்றார்கள். இன்னொன்றும் உண்டு. தருமசாலைக்கு வந்த அரிசி யாரோ ஒரு பண்ணையில் விளைந்தது. அதை விளைவித்தவன் பந்தியில் விருந்தினனாக உட்காரலாம். அவன் மரக்காலில் கூலி கூடியதா என்று பந்தி கேட்பதில்லை. வெண்மணியில் கேட்டது அன்னதானம் அல்ல, கூலி. கருணைக்கும் நியாயத்துக்கும் இடையேயான இந்த தூரத்தை வள்ளலாரும் கடக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் வெளியேறுவதே பொய்யா? இல்லை. வியத்நாம் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்ற அமெரிக்க இளைஞன் தன் மறுப்பின் விலையைத் தானே கொடுத்தான். நான் ஒப்புக்கொள்கிற அளவுகோல் இதுதான்: மறுப்புக்கு விலை உண்டு, அதை மறுக்கிறவன் கொடுக்கிறானா, அல்லது அவனுக்காக வேறு யாரோ அடுப்படியில் கொடுக்கிறார்களா? ஹிப்பிகளின் வாரிசுகளாக இன்று யோகாசனப் பாயும் இயற்கை உணவுக் கடையும் நம்மூர் வரை வந்துவிட்டன. முடி நரைத்துவிட்டது. அந்த இயற்கை அரிசியை நாற்று நட்டவளுக்கு என்ன கூலி என்பது, கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இன்னும் அச்சாகவில்லை.