விடுமுறை யாருக்கு?

ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது, திருகோணமலைப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சு எழுகின்றது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர் வருகின்றனர். இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்திறங்குகின்றனர். "மாமி, இம்முறை நாலு நாளாவது நிலாவெளிக் கடலிலே குளிக்க வேண்டும்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுகின்றனர். "அதற்கென்ன தம்பி, எல்லாரும் வாங்கோ" என்று மாமியும் சொல்லிவிடுகிறார். வானுக்கு எவ்வளவு, புறாத்தீவுக்கு என்றைக்கு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு என்றைக்கு என்றெல்லாம் திட்டம் உருவாகின்றது. செலவுக் கணக்கும் எழுதப்படுகின்றது. ஆனால், ஒரு கணக்கை மட்டும் எவரும் எழுதுவதில்லை. அந்த நாலு நாளும் ஓய்வு பெறப்போகிறவர் யார், உள்ள ஓய்வையும் இழக்கப்போகிறவர் யார் என்பதே அக்கணக்கு.

ஓய்வு சோம்பல் அன்று; அது மனிதனின் உரிமை. இந்த உரிமையும் உழைப்பாளிகளுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டில்தான் தொழிலாளர் யாவருக்கும் சம்பளத்துடன் இரு வார விடுமுறை சட்டமாயிற்று. 1948இல் வெளியான மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை, ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் எல்லோருக்கும் உரியவையாகக் கூறுகின்றது. எமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவையும், 7 நாள் அமய லீவையும் ஊழியருக்கு வழங்கியது. ஆகவே, ஆண்டு முழுவதும் கந்தோரில் உழைத்த ஒருவர் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக விரும்புவதில் குறைகாண எதுவுமில்லை.

ஆயினும், இச்சட்டங்கள் எதுவும் அடுக்களை வாசலைத் தாண்டவில்லை. விருந்தினர் நிறைந்த வீட்டின் இல்லத்தரசியைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து இடியப்பம் அவிக்கிறார், சம்பல் இடிக்கிறார், பன்னிரண்டு பேருக்கு மதியச் சோறு கட்டுகிறார். கடற்கரையில் எல்லோரும் நீரில் இறங்க, அவர் மரநிழலில் அமர்ந்து பைகளையும் செருப்புகளையும் காவல் காக்கிறார். மாலையில் மணல் படிந்த உடுப்புகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. நாலு நாள் கழித்து, "நல்ல ஓய்வு" என்று கூறி எல்லோரும் விடைபெறுகின்றனர். அவர் மட்டும் முதுகைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அடுப்பங்கரைக்குப் போகிறார்.

"அவருக்கு அதில்தானே மகிழ்ச்சி" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமலில்லை. அன்பினால் செய்யும் வேலை பாரமாவதில்லை. ஆனால், ஒருவர் மனமுவந்து கொடுப்பது வேறு. அவர் கொடுத்தே ஆகவேண்டும் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்வது வேறு. "நீங்களும் கடலுக்கு இறங்குங்கோ மாமி, பைகளை நான் பார்க்கிறேன்" என்று எவருமே சொல்லாத வீட்டில், அவருடைய மகிழ்ச்சியைப் பற்றிப் பேச எமக்கு என்ன உரிமை?

வீட்டுக்குள் எழும் இக்கேள்வி கடற்கரையிலும் எழுகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கீழ்க்கரைக் கடல் அமைதியாயிருக்கும். அதே காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரை கொந்தளிக்கும். அதனால், நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவரும் வழமையாக இப்பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். எம்மை விளையாட அழைக்கும் அதே அமைதிக் கடல் அவர்களை உழைக்க அழைக்கின்றது. எமக்கு விடுமுறைக் காலம். அவர்களுக்கு அதுவே ஆண்டின் பிழைப்பு. கரைவலையின் இரு பக்கமும் வரிசையாக நின்று, வெயிலில் மணிக்கணக்காகக் கயிறு இழுப்பவரை எமது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றனர். விரித்த வலையை மிதித்து ஓடுகின்றனர். உல்லாச விடுதியில் கேட்ட பணத்தை மறுபேச்சின்றிக் கொடுத்த நாம், படகுக்காரரிடமும் மீன் விற்பவரிடமும் நூறு ரூபாய்க்காக வாதாடுகிறோம்.

அப்படியானால் போகாமல் இருப்பதே நல்லதா? இல்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரும் இக்கரையின் மக்களை எவ்வளவு வாட்டின என்பது யாவரும் அறிந்ததே. இன்று இங்கே பிள்ளைகளின் சிரிப்பொலி கேட்பது நன்மையே. விடுதியில் சமைப்பவர், அறை கூட்டுபவர், படகோட்டுபவர் ஆகிய எல்லோருடைய வீட்டு உலையும் வருவோரை நம்பியே கொதிக்கின்றது. எனவே, போவதா விடுவதா என்பதன்று கேள்வி. எப்படிப் போவது என்பதே கேள்வி.

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை இதற்கு வழி காட்டுகின்றது. அது வீட்டுத் தலைவனை மட்டும் ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாசலுக்குள் தங்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கின்றது. ஒருவன் ஓய்வெடுக்க மற்றவன் இரட்டிப்பாக உழைப்பது உண்மையான ஓய்வு ஆகாது என்பதே அதன் கருத்து.

இதைக் கைக்கொள்வது கடினமன்று. நாலு நாளில் இரண்டு நாளாவது வீட்டில் அடுப்பு மூட்டாமல் கடையில் உணவு வாங்கலாம். வந்திருக்கும் ஆண்பிள்ளைகள் தேங்காய் துருவினால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடாது. தங்கள் உடுப்பைத் தாங்களே துவைக்கலாம். தங்கும் வீட்டின் செலவில் பங்கெடுக்கலாம். வலை இழுப்போரின் வழியை விட்டு விலகி நிற்கலாம். உழைப்பின் விலையை மனமொத்துக் கொடுக்கலாம்.

கடலும் எம்மிடம் சிறிது இரக்கத்தை எதிர்பார்க்கின்றது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்திருக்கும் முருகைக்கற்கள் வெறுங் கற்களல்ல, உயிருள்ளவை. திரளாக வளரும் முருகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் அளவே வளரும். ஒரு பிள்ளையின் வயதுக்கு மேலாக வளர்ந்த ஒன்றை ஒரு கணத்தில் மிதித்து உடைத்துவிடலாம். அதன்மேல் நிற்கக்கூடாது, முறித்து வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பதைப் படகில் ஏறுமுன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

பெற்றோரே, இவ்வாண்டு விடுமுறைத் திட்டத்தை எழுதும்போது, செலவுக் கணக்குக்கு முன்பாகப் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் உள்ளோர், வருவோர், எமக்காக உழைக்கப்போவோர் ஆகிய எல்லோருடைய பெயரையும் எழுதி, இவர்களில் யாருக்கு எந்நேரம் ஓய்வு என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேளுங்கள். கடற்கரையில் அவர்கள் கற்பதைவிட, அந்தத் தாளிலிருந்து அவர்கள் கற்பது நெடுங்காலம் நிலைக்கும்.