நரியும் பரியும் ஒரு பழைய காரும்

105 குதிரை சக்தி உள்ள ஒரு பழைய கார். ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கலாமா, கூடாதா?

கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்தக் கேள்வியோடு அலைகிறான். வண்டி, போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் நம் நாட்டுக்கு வந்த மாடல். 2022-ல் போலோ தயாரிப்பையே இங்கே நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஆசைப்பட்டால் பழசுதான் கதி. ‘கால வச்சா போதும்ணே, திருமங்கலம் தாண்டுறதே தெரியாது’ என்கிறான். விற்கிறவரோ, ‘டாக்டர் ஓட்டின வண்டி தம்பி, சிங்கிள் ஓனர்’ என்கிறார். விற்பனைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நம் டாக்டர்களுக்கு நோயாளியைப் பார்க்கவே நேரம் இருந்திருக்காது. கார் ஓட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்!

‘நல்ல மெக்கானிக்கா கூட்டிட்டுப் போ’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். முடியாது. இன்ஜினுக்கு வெளியிலும் ஒரு கேள்வி இருக்கிறது. வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. கேட்காவிட்டாலும் அவர் சொல்ல வேண்டுமா? ‘அவன் கேக்கல, நான் சொல்லல’ என்பது வியாபாரமா, ஏமாற்றா?

இதற்கு நம் சட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான பதில் உண்டு. 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று விளக்க வந்தவர்கள் ஒரு குதிரையை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்குக் கோளாறு என்று அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம்.

சரி, அதே குதிரையை வாங்குவது அவருடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரான பெண் என்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும். உறவு என்று வந்துவிட்டால் பேசும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது.

மூன்றாவதாக ஒன்று. வாங்குகிறவர், ‘நீங்க இல்லைன்னு சொல்லலைன்னா, குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்’ என்கிறார். அதற்கும் விற்கிறவர் மௌனம். அப்படியானால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வாயால் சொன்ன மாதிரிதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்றாவதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். கேளுங்கள். ‘இன்ஜின் இறக்கியிருக்கா? கியர்பாக்ஸ்ல கை வச்சிருக்காங்களா? வெள்ளத்துல நின்ன வண்டியா? அடிபட்டிருக்கா?’ கூச்சமே வேண்டாம். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும். மாட்டின் பல் வயதைச் சொல்லிவிடும். அதை யாரும் பின்னால் திருப்ப முடியாது. கார் மீட்டரைத் திருப்ப முடியும். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் சர்வீஸ் பில்களைப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் தேய்மானம், பெடல் ரப்பர், டிரைவர் சீட்... இவை எல்லாம் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள்.

நிறைய ஓடியிருப்பது மட்டுமே குற்றமில்லை. மதுரைக்கும் தூத்துக்குடிக்குமாக நாலுவழிச் சாலையில் சீராக ஓடி, வேளாவேளைக்கு ஆயில் மாற்றின லட்சம் கிலோமீட்டர் ஒன்று. கீழவாசலிலும் சிம்மக்கல்லிலும் முதல் கியரில் ஊர்ந்து, சர்வீஸே பார்க்காத நாற்பதாயிரம் இன்னொன்று. எனக்குக் கொடுத்தால் முதலாவதைத்தான் எடுப்பேன். மனுஷனுக்கும் வயசைவிட வாழ்ந்த விதம்தானே கணக்கு?

மதுரைக்காரர்களுக்குக் குதிரை வியாபாரம் புதிதில்லை. மாணிக்கவாசகருக்காக சிவபெருமான் நரியைப் பரியாக்கிய கதை, ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடக்கிறது. பகலில் ஒப்படைக்கும்போது ஜாதிக் குதிரை. ராத்திரி லாயத்தில் பார்த்தால் நரி! ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்து, வீட்டுக்கு வந்ததும் ஊளையிடும் வண்டிகளை வாங்கியவர்களுக்கு அந்தப் பாண்டியனின் மனசு புரியும்.

அது புராணம். சரித்திரத்தில் இன்னொரு கதை இருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருப்பது. இங்கே குதிரை இனம் இல்லாததால், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். அரசர் ஒருவரே வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவாராம். வருடக் கடைசியில் நூறு கூட உயிரோடு மிஞ்சாதாம். காரணம், குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. வைத்தியம் பார்க்க ஆளும் இல்லை. வியாபாரிகள் வைத்தியரைக் கூட்டிவராதது மட்டுமல்ல, வர நினைத்தவரையும் தடுத்தார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருடம் யார் வாங்குவது?

வியாபாரிகள் செய்தது அநியாயம்தான். ஆனால், வருடா வருடம் செத்துப்போகும் என்று தெரிந்தும், வளர்க்கக் கற்றுக்கொள்ளாமல் தங்கத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தவரை என்ன சொல்வது? அது யார் வீட்டுத் தங்கம்? குடிமக்கள் கட்டிய வரி.

இங்கேதான் வாங்குகிறவனின் அறம் வருகிறது. வாங்கும் விலை ஒருநாள் செலவு. வைத்துக்கொள்ளும் விலை மாதாமாதச் செலவு. பாதி விலைக்கு வாங்கிய வண்டி என்பதற்காக, டர்போவையும் கியர்பாக்ஸையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுக்கமாட்டார். சம்பளம் தாங்கவில்லை என்றால் என்ன ஆகும்? டயரை ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்பான். பிரேக்கை ‘தீபாவளி போனஸ் வரட்டும்’ என்பான். பறக்கிற வண்டிக்குத் தேய்ந்த டயர். ஆபத்து ஓட்டுகிறவனுக்கு மட்டுமில்லை. ரிங் ரோட்டில் எதிரே டி.வி.எஸ். 50-ல் கீரைக்கட்டோடு வருகிறவருக்கும்தான். அவர் இந்த பேரத்திலேயே இல்லை!

கட்டுப்படியாகாமல் போனால் கடைசியில் என்ன செய்வான்? துடைத்து, பாலிஷ் போட்டு, ‘டாக்டர் ஓட்டின வண்டி தம்பி’ என்று இன்னொரு பையனிடம் தள்ளிவிடுவான். இன்று வாங்குகிறவன்தான் நாளைக்கு விற்கிறவன். ‘சரிப்பட்டு வரலைன்னா யார் தலையிலாவது கட்டிடலாம்’ என்ற தைரியத்தில் ஒரு வண்டியை வாங்கினால், வாங்கின அன்றே அடுத்தவனை ஏமாற்ற முடிவு செய்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால், வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். முழுக் குறையையும் தெரிந்துகொண்டு, ஒரு வருடத்துப் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் எடுத்துவைத்து, விற்கும்போது எல்லாவற்றையும் சொல்லியே விற்க முடியும் என்றால், தாராளமாக வாங்கு. ஆசைப்படுவது பாவமில்லை. இந்த மூன்றில் ஒன்று உதைத்தாலும் மாருதி ஆல்ட்டோ போதும். திருமங்கலம் கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளாக இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். நம் மதுரையில் முன்பின் தெரியாதவரிடம் கூட வியாபாரம் எப்படி ஆரம்பிக்கிறது? ‘வாங்கண்ணே’, ‘சொல்லு மாப்ள’, ‘உக்காருங்க தம்பி’. வாய் நிறைய உறவு கொண்டாடித்தான் பேரமே பேசுகிறோம். தம்பி என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால், அந்த கியர்பாக்ஸைப் பற்றி அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.