கேட்ட சொல் யாருடையது?

ஆண்டுதோறும் சுருதபஞ்சமியன்று நம் ஜினாலயங்களில் ஏடுகளையும் நூல்களையும் பீடத்தில் வைத்துப் பூசிக்கின்றோம். சுருதம் என்னும் சொல்லுக்குக் கேட்கப்பட்டது என்பதே பொருள். எழுதப்பட்டதை வணங்கும் நாளுக்குக் கேள்வியின் பெயர் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. பகவான் மகாவீரர் பரிநிர்வாணம் எய்தியபின் 683 ஆண்டுகள் வரை அங்க நூல்களின் அறிவு ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கே சென்றது என்றும், அது படிப்படியாகக் குறைந்து வந்தது என்றும் நம் மரபு கூறும். எஞ்சியது தம்மோடு மறைந்துவிடுமே என்று அஞ்சிய தரசேன ஆசாரியர், கிர்நார் மலையின் சந்திர குகையில் இருந்துகொண்டு தென்னாட்டு முனிவர்களுக்குச் செய்தி அனுப்பி, இருவரை வரவழைத்தார். அவர்களே பின்னர் புஷ்பதந்தர், பூதபலி எனப் பெயர் பெற்றோர்.

வந்தவர்களுக்கு அவர் உடனே பாடம் சொல்லிவிடவில்லை. ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து, உபவாசமிருந்து சாதிக்கச் சொன்னார். மிகுந்த மந்திரத்துக்குப் பல் நீண்ட தேவதையும், குறைந்த மந்திரத்துக்கு ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதைகளுக்கு இத்தகைய அங்கக்குறை இராதே என்றுணர்ந்த இருவரும் எழுத்தைத் திருத்தி ஓதிய பின்னரே ஆசாரியர் அவர்களுக்குக் கற்பித்தார். அவ்வாறு செவிவழி பெற்றதே ஷட்கண்டாகமமாக ஏட்டில் ஏறியது.

நம் ஊர்களில் இப்போது முதியோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் ஆர்வம் இளைஞரிடையே காணப்படுகிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஓய்வு பெற்றபின் வந்தவாசி வட்டாரத்து ஊர்கள் சிலவற்றில் நாமும் இப்பணியைச் செய்து வந்தோம். பல் நீண்ட தேவதைகளையும் ஒற்றைக்கண் தேவதைகளையும் அப்போது நிறையவே கண்டோம். "பாட்டி, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தீர்கள் அல்லவா?" என்று ஒரு பேரன் கேட்பான், பாட்டி தலையசைப்பார், ஒற்றுமை பதிவாகிவிடும். விடையை வினாவுக்குள் வைத்துக் கேட்காதே என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதல் மாதத்திலேயே சொல்லித் தந்த பாடம். நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் அதைக் கடைப்பிடிப்பது எளிது. தொண்ணூறு வயதினர் முன் அமர்ந்திருக்கையில் மிகக் கடினம்.

ஆயினும் எழுத்துக் கூடுவதையும் குறைவதையும் விட நம்மை வருத்துவது வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியாரிடம் மூன்று நாள்கள் பேசினோம். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். வயல்களின் பெயர்கள், ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்ட மழைக்காலங்கள் என்று வரிசையாகச் சொன்னார். நேமிநாதர்மேல் தம் தாயார் பாடும் தாலாட்டு ஒன்று உண்டென்றும், அடுத்த முறை வந்தால் பாடிக் காட்டுவதாகவும் கூறினார். மூன்றாம் நாள், நாம் கேளாமலே, தம் ஓரகத்தியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இருபது வயதுக்குள் கணவரை இழந்த அப்பெண்ணிடம் குடும்பத்து மூத்தவர் கைநாட்டு வாங்கி, அவர் பங்கான இரண்டு காணி நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட கதை அது. அந்த மூத்தவரின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் வாழ்கின்றனர். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, இது உங்க காதுக்குச் சொன்னது, ஊருக்கு இல்லை" என்றார்.

உடன் வந்திருந்த உறவுக்காரப் பையனிடம் கைப்பேசியை அணைக்கச் சொன்னோம். அணைத்தானா என்று பார்க்கவில்லை. அவன் தீய எண்ணம் உடையவன் அல்லன். மூன்று நாள் பேச்சையும் முழுமையாகக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். அவ்வாண்டு மகாவீரர் ஜயந்தியில் இரு குடும்பத்தாரும் கோயிலில் ஆளுக்கொரு பக்கம் நின்றனர். மூதாட்டியாரை மறுபடி காணச் சென்றபோது எங்களுக்கு மோர் கொடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், வேறெதுவும் பேசவில்லை. அடுத்த மார்கழியில் காலமானார்.

கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பிறர் பணத்தோடும் பண்டத்தோடும் மட்டுமே இணைத்து எண்ணிப் பழகிவிட்டோம். தத்துவார்த்த சூத்திரம் களவுக்கு இலக்கணம் வகுக்கையில் பொருளின் விலையை நோக்கவில்லை. கொடாததைக் கொள்ளுதலையே நோக்குகிறது. சொல்லும் ஒருவர் கொடுக்கக்கூடியது. ஆகவே கொடாமலும் வைத்துக்கொள்ளக்கூடியது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் இயற்றிய 72,000 கிரந்த அளவுள்ள தவளம் என்னும் உரை, பல நூற்றாண்டுகள் மூடபித்ரியில் ஓலைச் சுவடிகளாகத் தரிசனத்துக்கு மட்டுமே இருந்தது. படியெடுக்க அமர்த்தப்பட்ட பண்டிதர் ஒருவர், காப்பாளர் அறியாமல் இன்னொரு படியையும் எழுதி வெளியே கொண்டுபோனார். அந்தப் படியின் வழியாகவே அந்நூல் அறிஞர் கைகளை அடைந்து, 1939ஆம் ஆண்டு முதல் ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பாக அச்சேறியது. அவர் விதியைக் காத்திருந்தால் நாம் இழந்திருப்போம் அல்லவா? உண்மை. அவர் செய்ததை முறையென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆனால் அந்த அச்சு நூலை நாமும் கைகூப்பியே பார்த்தோம். ஒரு வேறுபாடு மட்டும் புலப்படுகிறது. தரசேனர் அவ்வறிவை உலகில் நிலைக்க வேண்டுமென்றே கொடுத்தார். பூட்டியவர்கள் பின்வந்த காப்பாளர்கள். அந்த மூதாட்டியாரோ காப்பாளர் அல்லர், சொல்லுக்கு உரியவர். பூட்டு அவருடையது, பொருளும் அவருடையது.

அப்படியானால் ஓரெழுத்துக் குறைந்துவிடாதா என்று கேட்கலாம். குறையும். குறைந்ததை மறைத்து முழுமைபோல் காட்டினால்தான் அது ஒற்றைக்கண் ஆகும் என்று எண்ணி, இப்போதெல்லாம் நாம் எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுகிறோம். அவர் வேண்டாமென்ற இடத்தில் "சொன்னவர் விருப்பப்படி இங்கே நிறுத்தப்பட்டது" என்று குறித்து, ஒரு பக்கம் வெறுமையாக விடுகிறோம். பையன்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பலர் இரண்டாம் முறை வருவதில்லை.

இவ்வளவு எழுதியும் ஓரிடத்தில் நம் மனம் அமைதி கொள்ளவில்லை. நிலத்தை இழந்தவர் அந்த ஓரகத்தியார். துயரம் அவருடையது, கதையும் அவருடையதன்றோ? அவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. எழுது என்று சொல்லியிருப்பாரா, வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அவருடைய பெயரையாவது எழுதலாமா என்று குறிப்பேட்டைப் பலமுறை எடுத்து வைத்துக்கொண்டோம். அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. அதற்கு முந்தைய பக்கத்தில் "நேமிநாதர் தாலாட்டு, அடுத்த முறை" என்று நம் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது.